ஆர்வமும் நிதியும்: யாழ்ப்பாணப் பொதுநூலகம் தரும் பாடம்

ஆர்வத்தினாற் பிறக்கும் வாசகர் கூட்டு எதனால் நிலைபெறும்? யாழ்ப்பாணப் பொதுநூலக வரலாறு விடை பகர்கின்றது. 1933 இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்தில் தொடங்கிய வாசிப்பு முயற்சி, ஊரவர் நன்கொடையினால் 1934 இல் வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் நூலகமாயிற்று. நன்கொடை என்றும் ஒருபடித்தாய் வாராது. 1935 இல் உள்ளூராட்சி மன்றம் பொறுப்பேற்றமையால் அது நிலைத்தது.

எனினும், 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரியூட்டப்பட்டபோது, பொதுநிதி மட்டும் காவலாகாதென்பது புலனாயிற்று. வேறெங்கும் படியில்லாத சுவடிகள் மீளவேயில்லை. 2005 இல் தன்னார்வலர் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம் ஈழத்து நூல்களுக்கு மின்படிகள் ஆக்கி வருகின்றது. அதற்கும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். அன்றுபோல் இன்றும் பலர் ஈயும் சிறுகொடையே வேர். படியும் பலவாதல் வேண்டும், கொடையும் பலவாதல் வேண்டும்.