கன்னியாவின் ஏழு கிணறுகள் பிறந்த கதை

இராவணனைப் பத்துத் தலையோடும் கவர்ந்துபோன சீதையோடுமே நமக்குப் பழக்கம். திருகோணமலையில் அவன் முதலில் ஒரு தாய்க்குப் பிள்ளை.

தாய் வணங்கச் சிவலிங்கம் வேண்டும் என்று கோணேசர் கோயில் மலையையே பெயர்க்க வாளை ஓங்கினானாம். அந்த வெட்டு இன்றும் அங்கே, சுவாமி மலையில் இருக்கிறது. கோயிலுக்குப் போகிறவர்கள் 'இராவணன் வெட்டு' என்று எட்டிப் பார்ப்பார்கள். அவனை நிறுத்தத் திருமால் கிழப் பிராமணராக வந்து, "உன் தாய் இறந்துவிட்டாள்" என்றார். வாள் தாழ்ந்தது. ஈமக்கடமை செய்யத் தீர்த்தம் வேண்டுமே! பிராமணர் தடியால் ஏழு இடத்தில் ஊன்ற, ஏழிலும் வெந்நீர் பொங்கியது. அவையே கன்னியாவின் ஏழு கிணறுகள். இல்லை, இராவணனே ஆயுதத்தால் குத்தினான் என்று சொல்வாரும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். தாயை இழந்தவனின் கை அல்லவா நிலத்தைக் குத்த வேண்டும்?

கிரேக்கர் ஊற்றுக்கு வேறு மாதிரிக் கதை கட்டினார்கள். சிசிலியின் சிரக்கூசாவும் துறைமுக ஊர்தான். ஆற்றுத் தேவன் அல்பியஸ் துரத்த, அரெத்தூசா என்ற நீரணங்கு தண்ணீராகிக் கடலடியால் ஓடி அங்கே ஊற்றாக எழுந்தாளாம். அங்கே துரத்தல், இங்கே செத்தவீடு. அரெத்தூசாவைத் தேடி இன்று போகிறவர்கள் சுற்றுலாப் பயணிகள். கன்னியாவுக்கோ இறந்தவருக்குக் கிரியை செய்யவும் சனம் வந்தது. அந்தியேட்டிக்கு இதைவிட நல்ல தீர்த்தம் இல்லை என்பது இப்பக்கத்து நம்பிக்கை.

நீர் ஏன் சுடுகிறது என்று நிலவியலாரைக் கேட்டால் எரிமலை எதுவும் இல்லை என்பார்கள். மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, நிலத்தின் உட்சூட்டில் காய்ந்து, வேறு வெடிப்பால் மேலே வருகிறது. மகா ஓயா, மகாபெலெஸ்ஸ என்று இலங்கையில் வேறு வெந்நீரூற்றுகளும் உண்டு. அவை பெரும்பாலும் உயர்நிலப் பாறைத் தொகுதியும் விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டியே கிடக்கின்றன.

தீர்த்தத்தின் பிறப்பைச் சொல்லும் கதையோடு இப்போது உரிமை வழக்கும் சேர்ந்துகொண்டது. 2011இல் கன்னியா தொல்லியல் திணைக்களத்தின் பாதுகாப்பின்கீழ் வந்தது. அங்கிருந்த பிள்ளையார் கோயில் நிலம் பற்றிய தகராறில் 2019 ஜூலையில் தமிழர்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். விவகாரம் திருகோணமலை மேல் நீதிமன்றம் வரை போனது. கிரியைக்கு வருகிறவர்களுக்கு வழி விடாத எந்தப் பாதுகாப்பும் அரைப் பாதுகாப்புதான்.

போகிறவர்கள் அநுராதபுர வீதியால் போய்க் கன்னியாப் பக்கம் திரும்ப வேண்டும். பட்டணத்திலிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவுதான். கிணறுகள் ஆழமில்லாத சதுரத் தொட்டிகள். இறங்க முடியாது, வாளியால் அள்ளித்தான் வார்க்க வேண்டும். ஒன்றோடு நிறுத்திவிடாதீர்கள், ஏழின் சூடும் ஒன்றாக இராது.