மானிப்பாயில் கிறீன் வைத்தியர்

பிற நாடு சென்று சமயப்பணி செய்தோரைப் பற்றி நம்மிடையே இருவகைப் பேச்சு உண்டு. தெய்வப் பிறவிகள் எனப் போற்றுவது ஒன்று. மதம் மாற்ற வந்த மாயக்காரர் எனத் தூற்றுவது மற்றொன்று. இவ்விரண்டிலும், அம்மனிதர் காலையில் எழுந்து இரவு படுக்கும்வரை செய்த வேலை யாது என்பது மறைந்துவிடுகின்றது. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்கரைப் பொறுத்தவரை அந்த அன்றாட வேலையே வரலாறாகும். அவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்து நோய் தீர்த்தார்; மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார்; கற்பிக்க நூல் இல்லாமையால் நூல்களையும் ஆக்குவித்தார்.

கிறீன் 1822-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தார். பெரிய குடும்பம், வசதியும் உண்டு. உடன்பிறந்தாரான ஆண்ட்ரூ என்பவர் பிற்காலத்தில் நியூயார்க்கின் மத்தியப் பூங்காவை உருவாக்கியோருள் ஒருவராகவும், பரந்த நியூயார்க் மாநகரை ஒன்றாக இணைத்த பெருமைக்குரியவராகவும் விளங்கினார். சாமுவேலும் நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845-இல் பட்டம் பெற்றார். அந்நகரிலேயே தொழில் நடத்தியிருந்தால் பொருளுக்குக் குறைவு இருந்திராது. அவரோ 1847 ஏப்ரலில் பாஸ்டன் துறையில் கப்பலேறினார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லும் பாய்க்கப்பலின் காலம் அது. சூயஸ் கால்வாய் திறக்கப்பட இன்னும் 22 ஆண்டுகள் இருந்தன. சென்னை வழியாக அவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. வயது ஏறத்தாழ இருபத்தைந்து.

வந்த இடம் வெறும் நிலமன்று. அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் 1816-இலேயே கால்கொண்டிருந்தது. 1823-இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விச் செமினரியும், அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளியும் எழுந்தன. 1841-இல் ‘உதயதாரகை’ பத்திரிகை தோன்றியது. மறு ஆண்டில் மானிப்பாய் அச்சகத்திலிருந்து வெளிவந்த தமிழ் அகராதி, மானிப்பாய் அகராதி என்றே இன்றும் அறிஞர் நாவில் வழங்கும். மருத்துவத்திலும் ஸ்கடர், வார்டு என்னும் இருவர் முன்னரே உழைத்திருந்தனர். கிறீன் இவர்களுக்குப் பின்வந்தவர். ஆனால் முன்னோர் நடந்த வழியில் நடந்ததோடு அவர் நிற்கவில்லை.

முதல் வேலை தமிழ் கற்பது. மருத்துவரிடம் வருபவன் தன் உடம்பைப் பற்றிப் பேசுகின்றான். ‘குத்துது’, ‘உளையுது’, ‘எரியுது’, ‘கடுக்குது’ என அவன் சொல்லும் நான்கும் நான்கு வேறு நோவுகள். மொழிபெயர்ப்பாளன் நடுவில் நின்றால் நான்கும் ஒன்றாகிவிடும். ஏட்டுத் தமிழை மட்டும் கற்றவனுக்கு நோயாளியின் வாய்மொழி பிடிபடாது. வாய்மொழியை மட்டும் கற்றவன் நூல் எழுத முடியாது. கிறீனுக்கு இரண்டும் வேண்டியிருந்தன.

1848-இல் அவர் மானிப்பாய்க்குக் குடியேறி மருந்துச்சாலையை நடத்தலானார். அதே ஆண்டில்தான் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார் என்பது கருதத்தக்கது. ஒருபுறம் மிஷன், மறுபுறம் அதற்கு எதிராக எழுந்த சைவ எழுச்சி. நாலைந்து மைல் இடைவெளிக்குள் இரண்டும் ஒரே காலத்தில் வேரூன்றின. திருநீறு அணிந்த நெற்றியோடு மருந்துச்சாலைத் திண்ணையில் அமர்ந்திருந்தோருக்கு இதில் முரண்பாடு தோன்றவில்லை. காலையில் நோயாளிகள் கூடியதும் வேதத்திலிருந்து ஒரு பகுதி வாசிக்கப்படும், ஜெபம் நடைபெறும், பிறகே வைத்தியம். வந்தவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். மருந்தை வாங்கிக்கொண்டு தத்தம் கோயிலுக்கே திரும்பினார்கள். மருந்துக்கு வந்தோர் ஆயிரக்கணக்கினர். மதம் மாறியோர் மிகச் சிலர். சங்கத்தின் கணக்கேட்டில் இது தோல்வி எனத் தோன்றலாம். அதற்காக அவர் யாருக்கும் மருந்தை மறுத்தார் என்பதற்கில்லை.

அவர் முன் வந்த நோய்கள் அந்நாட்டின் வாழ்வையே படம்பிடித்துக் காட்டுவன. பனையேறித் தவறி விழுந்து எலும்பு முறிந்தவர், ஆறாத புண்ணோடு வந்தவர், கட்டி முற்றியபின் வந்தவர், பரியாரியார் பலரிடம் காட்டிக் கைவிடப்பட்டுக் கடைசியாக வந்தவர். மருந்தும் கருவியும் கடல் கடந்து வரவேண்டும். வீட்டுக்கு எழுதிய கடிதத்துக்கு மறுமொழி காண மாதங்கள் கழியும். உற்றார் ஒருவர் இறந்த செய்தி வரும்போது அங்கே புதைகுழியில் புல் முளைத்திருக்கும். வெளிநாட்டு ஊழியரின் வாழ்வில் வெயிலையும் காய்ச்சலையும்விடக் கொடிது இந்தத் தாமதமே என்று சொல்லத் தோன்றுகின்றது.

வாந்திபேதி வந்தால் ஒழுங்கெல்லாம் குலைந்துபோகும். 1850-களின் நடுவிலும் 1866-ஐ ஒட்டியும் யாழ்ப்பாணம் அந்நோயால் பெரிதும் வாடியது. அதன் கிருமியைக் கோக் என்பவர் உலகுக்குக் காட்டியது 1883-இல்தான். ஆகவே நியூயார்க்கில் படித்துத் தேறியவரும், ஊர்ப் பரியாரியாரும், காளிக்குப் பொங்கலிட்டவரும் அந்நோயின் காரணத்தை அறியாமையில் ஏறத்தாழ ஒரே நிலையினராகவே இருந்தனர். இதை மறைத்து, மேலை மருத்துவம் அன்றே எல்லாவற்றையும் வென்றது போல எழுதுவது வரலாறாகாது.

தனி ஒருவர் ஒரு குடாநாட்டுக்கு மருந்து கொடுத்து மாளாது என்பதை அவர் விரைவில் கண்டார். எனவே 1848-இலேயே சில இளைஞரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கற்பித்தது ஆங்கிலத்தில். செமினரியில் ஆங்கிலம் கற்ற மாணாக்கர் கிடைத்தமையால் அது எளிதாக இருந்தது. ஆயினும் 1852-இலேயே கட்டர் என்பவரின் நூலைத் தழுவி ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ தமிழில் வெளிவந்தது. 1857-இல் மான்செல் என்பவரின் நூல் ‘பிரசவ வைத்தியம்’ ஆயிற்று. அவ்வாண்டே உடல்நலம் குன்றிக் கிறீன் அமெரிக்கா திரும்பினார். 1862-இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்பாரை மணந்து, மனைவியோடு மீண்டும் மானிப்பாய்க்கு வந்தார். பிள்ளைகள் யாழ்ப்பாண மண்ணிலேயே பிறந்தனர்.

இரண்டாம் முறை வந்தவர் முதல் முறை வந்தவரினும் வேறானவர். ஆங்கிலத்தில் கற்ற மாணாக்கர் என்ன ஆனார்கள் என்பதை அவர் கண்டுவிட்டார். அரசாங்க உத்தியோகம் அவர்களை அழைத்தது. சம்பளம் உள்ள இடத்துக்கு அவர்கள் போனார்கள். அவர்களைக் குறைகூறவும் இயலாது. ஆனால் கிராமம் இருந்தபடியே இருந்தது. தமிழில் கற்றவனோ தமிழர் நடுவிலேயே தங்குவான் என்பது கிறீனின் துணிபு. 1864 முதல் மருத்துவ வகுப்பு தமிழில் நடைபெறலாயிற்று. பிற்காலத்தில் யாழ்ப்பாணத்து ஆங்கிலப் படிப்பாளர் பலர் மலாயாவின் ரயில்வேக்கும் அலுவலகங்களுக்கும் கப்பலேறியதை நோக்கினால், அவர் கணித்தது பொய்யன்று என்பது விளங்கும்.

மாணாக்கரின் உடையிலும் அவருக்குக் கருத்து இருந்தது. காற்சட்டையும் கோட்டும் மாட்டி வெள்ளைக்காரர் போல ஆவதை அவர் விரும்பவில்லை. கிறிஸ்தவரான தமிழர் வேண்டுமேயன்றி ஐரோப்பியரான தமிழர் வேண்டா என்பது அவர் எண்ணம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவிலிருந்து பணம் உதவிய கொடையாளரின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டுவது மிஷன் விடுதிகளின் வழக்கம். ஆதலால் வேட்டி கட்டி, தமிழில் மருத்துவம் படித்து, தமிழில் நூல் பெயர்த்தவர்களின் பெயர்கள் டன்வது என்றும் சாப்மன் என்றும் இருந்தன. உடையைக் காத்த மிஷன் பெயரைக் காக்கவில்லை.

இந்த மாணாக்கரே மொழிபெயர்ப்பின் தூண்கள். அவர்கள் பெயர்த்து எழுத, கிறீன் மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்துவார். ட்ரூயிட் என்பவரின் அறுவை நூல் 1867-இல் ‘இரண வைத்தியம்’ என வந்தது. 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ என்னும் இரு பெருநூல்கள் வெளிவந்தன. முன்னது கிரே என்பவரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல். அதன் ஆங்கில முதற்பதிப்பு லண்டனில் வந்தது 1858-இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது! தமிழில் விஞ்ஞானம் எழுத இயலுமா என்று பின்னாளில் மேடைதோறும் வாதிட்டவர்களுள் எத்தனை பேர் இதை அறிந்திருந்தனர்?

சொல்லாக்கத்தில் அவர் பிடிவாதக்காரர் அல்லர். வழக்கில் சொல் இருந்தால் அதைக் கொண்டார். இல்லாதபோது வடமொழியின் துணையால் புதிது புனைந்தார். அதுவும் பொருந்தாவிடின் பிறமொழிச் சொல்லையே தமிழ் ஓசைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். ‘அங்காதிபாதம்’ என்னும் சொல்லைக் கேட்கும் தமிழ்ப் புலவனுக்குக் கேசாதிபாதம் என்னும் பிரபந்த வகை நினைவுக்கு வராமற் போகாது. முடி முதல் அடி வரை பாடும் மரபு மேசைமேல் கிடத்திய உடலுக்கு வந்துவிட்டது. உறுப்புகளின் செயலைக் கூறும் கலைக்குச் ‘சுகரணம்’ என்று பெயர். ‘ஆகரம்’ என்றால் சுரங்கம்; வைத்தியம் தோண்டி எடுக்கும் சுரங்கம் ‘வைத்தியாகரம்’. வேதியியலுக்கோ ‘கெமிஸ்தம்’ என்றே பெயரிட்டு 1875-இல் நாகர்கோவில் அச்சகத்தில் பதிப்பித்தனர். தனித்தமிழ் அன்பர்க்கு இப்பெயர் உவப்பாயிராது. எனினும் அந்நூலைப் படித்துத் தேறியவன் நோயாளிக்கு மருந்து கலந்து கொடுத்தான் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கலைச்சொல் குழுக்கள் கூடிக் கலைந்த பிறகும் நூல் வராத துறைகள் உள. கிறீன் நூலை முன்வைத்தார். சொல் பின்னால் வந்தது.

1873-இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். அதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர் அவரிடம் பயின்று வெளியேறியிருந்தனர். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழ்வழி கற்றோர். ஊர் திரும்பிய பின்னும் வேலை நின்றபாடில்லை. கையெழுத்துப் படிகளும் திருத்தங்களும் மானிப்பாய்க்கும் வூஸ்டருக்கும் இடையே தபாலில் சென்றுவந்தன. பனி பெய்யும் மாசசூசெட்ஸில் அமர்ந்து ஓர் அமெரிக்கர் தமிழ்ப் படியைத் திருத்திக்கொண்டிருந்த காட்சி எண்ணிப் பார்க்கத்தக்கது. டால்டன் என்பவரின் நூல் ‘மனுஷ சுகரணம்’ என 1883-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் கிறீன் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்ற அடைமொழி கல்லறையில் இருத்தல் வேண்டும் என்பது அவர் விருப்பம், அவ்வாறே பொறிக்கப்பட்டது.

அவர் தொடங்கிய தமிழ்வழி மருத்துவ வகுப்போ அவருக்குப் பின் நெடுநாள் நிலைக்கவில்லை. 1870-இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது. உத்தியோகம் அங்கே இருந்தது. நூல்களுக்கும் மூப்பு வந்தது. லிஸ்டர் கிருமிநீக்க அறுவை முறையை உலகுக்கு அறிவித்தது 1867-இல். ‘இரண வைத்தியம்’ அச்சானதும் அதே ஆண்டில். அறுவை மருத்துவம் முழுதும் அவ்வாண்டிலிருந்து மாறலாயிற்று. ஆங்கில நூல்கள் பதிப்புக்குப் பதிப்புப் புதுக்கப்பட்டன. கிரே நூல் இன்றுவரை அவ்வாறு வாழ்கின்றது. தமிழ் நூல்களைப் புதுக்க ஆளில்லை. நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அவ்வுழைப்பு மெல்ல மெல்ல நூலகத்துக்குரிய பொருளாயிற்று.

அவர் இறந்த பின்னும் ஒரு நூல் வந்தது. இந்திய மருந்துச் சரக்குகளைக் கூறும் ‘இந்து பதார்த்த சாரம்’ 1888-இல் வெளியாயிற்று. மானிப்பாயில் அவர் நடத்திய மருந்துச்சாலை வளர்ந்து, கிறீன் நினைவு மருத்துவமனை என்னும் பெயர் தாங்கியது.