பொட்டலத்தில் வந்த பன்னிரண்டு முட்டை

முட்டையை அடித்துக் கிளறி எடுப்பதற்கு ஒரு வரலாறு உண்டா என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். மன்னர்களும் உடன்படிக்கைகளும் நிறைந்த பாடநூல்களில் அதற்கு இடமில்லைதான். ஆயினும், இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் குடும்பங்கள் எவ்வாறு உண்டு வாழ்ந்தன என்பதை நான் முதன்முதலில் அறிந்துகொண்டது நூலகத்தில் அன்று, ஓர் அடுப்பங்கரையில்.

1978-ஆம் ஆண்டு, மேற்படிப்பின் பொருட்டு வட இங்கிலாந்தின் நகரமொன்றில் தங்கியிருந்தேன். வீட்டுக்கு உரியவர் ஒரு மூதாட்டி. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அவர் முட்டை கிளறுவார். வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கி, முட்டையை ஊற்றி, உதிரி உதிரியாக நாம் எடுக்கும் பொடிமாசுக்கு அது தூரத்து உறவு. முட்டையை உப்போடு அடித்து, சிறிது பால் சேர்த்து, வெண்ணெய் உருகிய சட்டியில் ஊற்றி, மிக மெல்லிய தீயில் மரக்கரண்டியால் துழாவிக்கொண்டே இருப்பார். முழுவதும் இறுகுமுன் இறக்கி, வாட்டிய ரொட்டியின்மேல் பரப்புவார். முதல் நாள் அது வேகவில்லை என்றே எண்ணினேன். மறு வாரம் நானே கரண்டியை வாங்கித் தீயைக் கூட்டினேன். முட்டை ரப்பரைப்போல் இறுகித் தட்டில் நீர் விட்டது. "போர்க்காலத்தில் நாங்கள் தின்றது இப்படித்தான் இருக்கும்" என்று அவர் சிரித்தார்.

முட்டையின் புரதம் 60 பாகை செல்சியசைச் சற்றுக் கடந்தவுடன் உறையத் தொடங்குகிறது. சூடு மிகுந்தால் புரத இழைகள் மேலும் நெருங்கி, இடையில் பிடித்து வைத்திருந்த நீரை வெளியே தள்ளிவிடும். என் தவறு அதுதான். ஆனால் மூதாட்டி குறிப்பிட்ட முட்டைக்கு வேறொரு குறையும் இருந்தது. அது ஓட்டுக்குள் வந்த முட்டையே அன்று.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. பிரிட்டன் தன் உணவில் பெரும்பகுதியைக் கடல் கடந்து பெற்றுவந்த நாடு. கோழித் தீவனமும் கப்பலில்தான் வந்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், கப்பலில் இடம் பொன்னினும் அரிதாயிற்று. தீவனம் குறையக் கோழிகள் குறைந்தன. 1941 ஜூனில் முட்டை விநியோகத்தை அரசு தன் கைக்குள் கொண்டுவந்தது. ஒருவருக்கு வாரம் ஒரு முட்டை என்பது எண்ணம். பல வாரங்களில் அதுவும் கிடைப்பதில்லை.

முட்டையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். அந்த நீரையும் ஓட்டையும் சுமந்துகொண்டு அட்லாண்டிக்கைக் கடப்பானேன்? அமெரிக்காவில் முட்டைகளை உடைத்து அடித்து, வெப்பக் காற்றில் நுண்துளிகளாகத் தெளித்து உலர்த்திப் பொடியாக்கினார்கள். 1941 மார்ச்சில் நிறைவேறிய கடன்-குத்தகைச் சட்டத்தின் பயனாக அந்தப் பொடி கப்பலேறி, 1942-இல் பிரிட்டிஷ் இல்லங்களை அடைந்தது. பொட்டலம் ஒன்றில் ஐந்து அவுன்சு. அது 12 முட்டைக்குச் சமம். செல்வர் வீட்டுக்கும் தொழிலாளி வீட்டுக்கும் பங்கீட்டு அளவு ஒன்றே.

பொடியை வைத்துக்கொண்டு முழு முட்டை அவிக்க முடியுமா? கரு உடையாமல் பொரிக்க முடியுமா? கிளறும் முட்டையோ எப்படியும் உருக்குலைய வேண்டியது. முட்டை இல்லாத குறையை ஓரளவு மறைக்க அதுவே இடம் தந்தது. ஆகவே வீடுதோறும் காலையுணவாக அது வந்து அமர்ந்தது.

வானொலியில் பேசுகிறவன் இதைச் சொல்லாமல் விடலாகாது. அந்நாட்டு வானொலியில் 1940 ஜூன் முதல், காலை 8.15 மணிக்குச் 'சமையற்கட்டுப் போர்முனை' என்று பொருள்படும் பெயரில் ஐந்து நிமிடப் பேச்சு ஒலிபரப்பாயிற்று. எங்கள் மூதாட்டி அப்போது இரு குழந்தைகளின் தாய். கணவர் போருக்குப் போயிருந்தார். முதல் பொட்டலம் கிடைத்த அன்று பொடியில் நீரை மொத்தமாகக் கொட்டிக் கட்டி கட்டியாக்கிவிட்டாராம். குழந்தைகள் தட்டைத் தள்ளிவிட்டனர். அந்த மாதத்துப் பங்கு வேறு இல்லை. ஒரு மேசைக்கரண்டிப் பொடிக்கு இரண்டு மேசைக்கரண்டி நீர். கலந்து ஐந்து நிமிடம் ஊறவிட வேண்டும். கட்டிகளை உடைத்து, பிறகே அடிக்க வேண்டும். இதை வானொலியில் கேட்டுக் காகிதத்தில் குறித்து அடுப்பின்மேல் ஒட்டி வைத்தேன் என்றார். அப்போதும் அதில் அட்டையின் வாடை வீசியதாம்.

வயிறெரிந்து திட்டிக்கொண்டே உண்ட அந்தப் பொடிக்கு 1946-இல் ஒரு விந்தை நேர்ந்தது. 1945 ஆகஸ்டில் அமெரிக்கா கடன்-குத்தகை ஏற்பாட்டை நிறுத்திவிட்டது. இனிப் பொடியையும் டாலர் கொடுத்தே வாங்கவேண்டும். பிரிட்டனிடமோ டாலர் இல்லை. 1946 பிப்ரவரியில், பொடி முட்டை இனி வராது என்று உணவு அமைச்சர் பென் ஸ்மித் அறிவித்தார். இல்லத்தரசிகள் கொதித்தெழுந்தனர். கூட்டங்கள் நடந்தன, கடிதங்கள் குவிந்தன; மூதாட்டியும் தம் தொகுதி உறுப்பினருக்கு ஒன்று எழுதினாராம். அரசு பணிந்து மீண்டும் பொடியை வரவழைத்தது. வென்ற நாட்டின் பெண்கள், வெறுத்த உணவுக்காகப் போராடினார்கள்!

இந்த ஒழுங்கைப் பாராட்டும்போது இந்தியனாகிய எனக்கு ஒன்று உறுத்துகிறது. இலண்டனில் பொட்டலம் அளந்து பங்கிட்ட அதே ஆட்சியின்கீழ்தான், 1943-இல் வங்காளம் பஞ்சத்தில் வீழ்ந்தது. மாண்டோர் 20 முதல் 30 இலட்சம் வரை என்று ஆய்வாளர் பலர் கணிக்கின்றனர். தானியம் அனுப்புங்கள் என்று இந்தியாவிலிருந்து சென்ற வேண்டுகோள்களுக்குக் கப்பல் இல்லை என்பதே பெரும்பாலும் மறுமொழி. மூதாட்டியிடம் இதை ஒருநாள் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதே இல்லை. நெடுநேரம் பேசாதிருந்தார்.

முட்டைப் பங்கீடு 1953 மார்ச்சில்தான் நீங்கியது. அதற்குப் பின் 25 ஆண்டுகள் கழித்து நான் கண்ட அடுப்பங்கரையில் முட்டைக்குப் பஞ்சமில்லை. கூடை நிறைய இருந்தது. ஆயினும் ஒவ்வொரு முட்டையை உடைத்த பின்னும், ஓட்டின் உட்புறத்தில் பெருவிரலை ஒருமுறை சுழற்றி, ஒட்டியிருக்கும் வெண்கருவையும் கிண்ணத்தில் வழித்துவிட்ட பிறகே மூதாட்டி ஓட்டை எறிவார்.