ஏடும் கடகமும்

பனையோலை யாழ்ப்பாணத் தமிழருக்கு இருவகையாற் பணி செய்தது. ஏடாகி நூல்களைத் தாங்கியது. கடகமாகி நெல்லைத் தாங்கியது. ஏட்டின் வரலாறு பலரும் அறிந்ததே. ஆறுமுக நாவலரும் (1822–1879) சி. வை. தாமோதரம்பிள்ளையும் (1832–1901) ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி அச்சேற்றினர். வீரசோழியம் 1881 இலும், கலித்தொகை 1887 இலும் தாமோதரம்பிள்ளையின் பதிப்பாக வெளிவந்தன. ஓலை செல்லரித்தபோதும் நூல் பிழைத்தது. கடகத்துக்கு அத்தகைய பதிப்பாசிரியர் வாய்க்கவில்லை. அதனை இழைக்கும் அறிவு எழுத்தில் நின்றதன்று. தாயின் கையிலிருந்து மகளின் கைக்குச் சென்றது.

முற்காலத்து யாழ்ப்பாண வீடொன்றில் ஓலைப்பொருள் இல்லாத மூலை இல்லை எனலாம். நெல் அள்ளக் கடகம், புடைக்கச் சுளகு, பிட்டு அவிக்க நீத்துப்பெட்டி, மீன் வாங்க உமல், குழந்தையைக் கிடத்தத் தடுக்கு, வெற்றிலையும் சில்லறையும் வைக்கக் கொட்டப்பெட்டி, தோட்டத்துக்கு நீர் இறைக்கப் பட்டை எனப் பிறப்பு முதல் இறப்பு வரை பனை உடனிருந்தது. 1850 இல் கொழும்பில் வெளிவந்த வில்லியம் பேர்குசனின் ஆங்கில நூல் பனையின் பயன்களை விரித்துரைத்தது. கும்பகோணத்து அருணாசலம் என்னும் புலவர் பாடிய தால விலாசம் 801 பயன்களைக் கூறுவதாக அக்காலத்து ஆங்கிலேயர் வியந்து குறித்தனர்.

பயனை எண்ணுதல் எளிது, செய்தல் அரிது. விரியாத குருத்தை வெட்டி, ஓலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, சத்தகத்தால் ஒரே அகலத்தில் வார்ந்தெடுத்தல் வேண்டும். அகலம் சிறிது பிசகினும் பெட்டி கோணும். சத்தகத்தின் ஒரு முனை ஓலையை வாரும். மறுமுனை இழைகளை நெம்பி வழிவிடும். கடகத்தின் அடி சதுரம், வாயோ வட்டம். நான்கு மூலைகளில் எழும் இழைகள் மேலே செல்லச் செல்ல வட்டமாவது எவ்வாறு என்பதை அளவுகோல் கொண்டு எவரும் கற்பித்ததில்லை. திண்ணையில் அருகிருந்து பார்த்த சிறுமியின் விரல்கள் அதனைத் தாமே கண்டுகொண்டன. இறுதியாக மட்டை நாரினால் விளிம்பு பொத்தப்படும். பொத்தியவளின் கைவலிமையே கடகத்தின் ஆயுள்.

இத்தொழிலுக்கு இடர் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே வந்தது. பிளாஸ்ரிக் கூடையும் உரப்பையும் மலிவாகக் கிடைத்தன. நீரிறைக்க இயந்திரம் வந்ததும் பட்டை மறைந்தது. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டுப் பயிற்சிக்கும் விற்பனைக்கும் வழிசெய்தது. ஆயினும் 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் பெருந்தொகையான பனைகள் தறிக்கப்பட்டுக் காவலரண்களாயின. இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல. எனினும் கணவனை இழந்த பெண்கள் பலருக்குக் கையில் எஞ்சிய முதல் இத்தொழிலே ஆயிற்று. ஓலை கிடைத்த இடத்தில் அவர்கள் மீண்டும் இழைக்கத் தொடங்கினர். இக்கலை உயிரோடு இருப்பதற்கு அவர்களே காரணர்.

அவ்வாறு இழைப்பவளின் கணக்கு வேறு. ஓலை வாங்குதல், உலர்த்துதல், வார்தல், இழைத்தல், பொத்துதல் ஆகிய அனைத்துக்கும் சேர்த்து ஒரே விலை கிடைக்கிறது. அதிலும் வாங்குவோர் பேரம் பேசுவர். மகள் படித்து உத்தியோகம் பார்க்க வேண்டும் என அவள் விரும்புவதிற் குற்றமில்லை. சாயமிட்ட சிறு அழகுப் பெட்டிகளைப் பயணிகள் விரும்பி வாங்குகின்றனர். ஆனால், சிறு பெட்டி இழைக்கத் தெரிந்தவர் எல்லோருக்கும் பாரம் தாங்கும் கடகம் இழைக்க வராது. மெல்லிய பொழுதுபோக்காக நிலைத்து, வலிய தொழிலாக அழிந்துபோவதே இக்கலைக்கு நேரக்கூடிய கேடு. 2017 செப்ரெம்பரில் மெல்லிய பொலித்தீன் தடைசெய்யப்பட்டபோது ஓலைப்பொருளின் அருமை மீண்டும் பேசப்பட்டது. பேச்சு கடகத்தை விற்றுத்தராது. அடுக்களையில் அதற்கு வேலை வேண்டும்.

ஏட்டுக்கும் கடகத்துக்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஏடு பெட்டகத்தில் நூறாண்டு கிடந்து தன் பதிப்பாசிரியருக்காகக் காத்திருக்கலாம். கடகமோ சில ஆண்டுகளில் நைந்துபோகும். புதியது ஒன்றை யாரேனும் இழைத்தால் மட்டுமே அது தொடரும். இழைக்கும் கை காத்திருப்பதில்லை. அது முதுமையுறுமுன் அதனருகில் மற்றொரு கை அமர்தல் வேண்டும். அந்தக் கைக்கு உரிய கூலியும் கிடைத்தல் வேண்டும்.