தமிழ்நாட்டில் கருத்தடையும் மனமாற்றமும்

கருத்தடையின் வரலாறு பெரும்பாலும் மருந்துகள், சாதனங்கள், அறுவை முறைகள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆனால் அவற்றுக்கு முன்பே, பிள்ளைப்பேறு என்பது மனிதர் யோசித்து முடிவு செய்யக்கூடியது என்ற எண்ணம் மனத்தில் இடம்பெற வேண்டும். ஒரு சமூகத்தில் பிறப்புகள் குறைவதற்கான மூன்று நிபந்தனைகளில் இதையே முதலாவதாக வைத்தார், மக்கள்தொகை அறிஞர் ஆன்ஸ்லி கோல் (1973). தமிழ்நாட்டில் இந்த எண்ணம் வேரூன்றியபோது, முடிவெடுக்க வேண்டிய மனம் யாருடையது என்ற கேள்வியும் உடன் எழுந்தது.

பழைய நம்பிக்கை

பிள்ளை வரம் வேண்டிக் கோயில் மரத்தில் சிறு தொட்டில் கட்டும் வழக்கம், ஏரல் முதலிய தாமிரபரணிக் கரை ஊர்கள் உட்படத் தமிழகம் எங்கும் உண்டு. அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த பெண்ணைப் பற்றிய பழமொழி கேலி செய்வது அவளது அவசரத்தைத்தான், நம்பிக்கையை அல்ல. பிள்ளைகள் பெருகினாலோ, "மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்றார்கள். கொடுப்பதும் மறுப்பதும் தெய்வத்தின் செயல். பழி மட்டும் பெண்ணுக்கு. 'மலடி' என்ற வசை வழங்கிய அளவுக்கு 'மலடன்' வழங்கவில்லை. கடுமையான மன உளைச்சல் மாதவிடாயையே நிறுத்திவிடக்கூடும் என்பதை மருத்துவம் ஏற்கிறது. ஆனால் குழந்தையின்மைக்கு ஆணின் உடற்குறையும் பரவலான காரணம் என்பதையும் அதே மருத்துவம்தான் கூறுகிறது.

மனக்கட்டுப்பாடா, கருத்தடையா?

கருத்தடை பற்றிய நூலை வெளியிட்டதற்காக 1877-இல் லண்டனில் வழக்கைச் சந்தித்தவர் அன்னி பெசன்ட். பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்தவரும் அவரே. ஆனால் அதற்குள் அவர் மனம் மாறிவிட்டது. பிரம்மஞான சபையில் சேர்ந்தபின், இப்பொருள் குறித்துத் தாம் எழுதிய நூலின் விற்பனையையே 1891-இல் நிறுத்திவிட்டார். புலனடக்கமே வழி என்றார். காந்தியடிகளும் அதே கருத்தினர். 1935 டிசம்பரில் வார்தாவில் தம்மைச் சந்தித்த அமெரிக்கர் மார்கரெட் சாங்கரிடம், செயற்கை முறைகள் வேண்டாம், பிரமச்சரியம் போதும் என்று வாதிட்டார்.

சென்னையில் 1920களின் இறுதியில் தோன்றிய நியோ-மால்தூசியன் லீக் செயற்கை முறைகளை ஆதரித்தது. நீதிபதி வேபா ராமேசம் போன்ற படித்த மேல்தட்டு ஆண்கள் அதில் இருந்தனர். மக்கள்தொகை பெருகுவதும் நாட்டின் வறுமையுமே அவர்களுக்குக் கவலை.

பெரியார் ஈ.வெ.ரா. இவ்விரு தரப்பிலிருந்தும் விலகி நின்றார். பெண்ணின் உடல்நலம், நாட்டின் செல்வம், குடும்பச் சொத்து ஆகியவற்றுக்காகப் பிறர் கருத்தடையைக் கேட்க, அவர் பெண் விடுதலைக்காகக் கேட்டார். விடுதலைக்குத் தேவையானால் பெண்கள் பிள்ளை பெறுவதையே நிறுத்தலாம் என்றுகூட எழுதினார். சுயமரியாதை இயக்கம் இதைப் பத்திரிகையிலும் மேடையிலும் வெளிப்படையாகப் பேசியது. மாதவிடாயைப் பற்றிக்கூட வாய் திறக்காத காலம் அது.

அரசுத் திட்டம்

1956 முதல் சென்னை மாநில அரசு, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட ஏழைகளுக்குப் பணம் கொடுத்தது. தொடக்க ஆண்டுகளில் ஆண்களே அதிகம் செய்துகொண்டனர். சிவப்பு முக்கோணமும் "நாம் இருவர், நமக்கு இருவர்" முழக்கமும் ஊர்ச் சுவர்களில் இடம்பிடித்தன. நெருக்கடி நிலையின்போது (1975–77) வடமாநிலங்களில் நடந்த கட்டாய அறுவைகளுக்குப் பின், நாடெங்கும் ஆண்கள் பின்வாங்கினர். சுமை பெண்கள் பக்கம் சாய்ந்தது.

பலனைப் பணத்தின் கணக்கிலோ முழக்கத்தின் கணக்கிலோ மட்டும் எழுத முடியாது. பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் பாளையங்கோட்டை சாராள் தக்கர் நிறுவனங்கள் போன்றவை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெண்களைப் படிக்க வைத்தன. பிற்காலத்தில் பீடி சுற்றும் வேலை அப்பகுதிப் பெண்கள் பலரின் கைக்குச் சொந்தக் காசு கொடுத்தது. சத்துணவு, தடுப்பூசி ஆகியவற்றால் பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கையும் வந்தது. மாண்டுபோகுமோ என்ற அச்சத்தில் இன்னொன்று பெற்றுவைக்கும் தேவை குறைந்தது.

1971-இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3.9 குழந்தைகள். 1992–93 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் அது ஏறத்தாழ 2.5, 2019–21-இல் 1.8. ஆனால் இதே கடைசிக் கணக்கெடுப்பில், ஆண் கருத்தடை அறுவையை நம்பியிருந்த தம்பதியர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பெண் அறுவையை நம்பியிருந்தவர்கள் பாதிக்கும் மேல்.