கொக்கிக்கு வந்த சட்டம்

தூணின் ரிங் கம்பி முனையை 135 டிகிரிக் கொக்கியாக மடக்கச் சொன்னால் கம்பி வேலைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். 90 டிகிரி என்றால் வேலை ஓடும். மிச்ச 45 டிகிரிக்காக நான் சண்டை போட்ட சைட்டுகள் அநேகம்.

ரிங் நெருக்கமாக இருந்தால் கான்கிரீட் தூணும் நொறுங்காமல் வளைந்து தாங்கும் என்று 1961-இலேயே புளூம், நியூமார்க், கார்னிங் என்ற பொறியாளர்கள் மூவரும் புத்தகம் எழுதிவிட்டார்கள். 1971 பிப்ரவரி 9 அன்று கலிபோர்னியாவில் ஒரு நிலநடுக்கமே அதைச் சோதித்துப் பார்த்தது. ஆலிவ் வியூ மருத்துவமனையில் சுருள் கம்பி சுற்றிய தூண்கள் கோணிப்போயும் சுமையை விடவில்லை. சாதாரண ரிங் போட்ட மூலைத் தூண்கள் சிதறின. தூணின் கான்கிரீட் மேலுறை உதிர்ந்ததும் 90 டிகிரி கொக்கி விரிந்துவிடும். 135 டிகிரிக் கொக்கியோ தூணின் உள்வயிற்றைப் பிடித்திருக்கும்.

நம் நாட்டில் இந்தக் கொக்கியைக் கேட்கும் ஐ.எஸ். 13920 விதி 1993-இல் வந்தது. அதிலும் ஒரு சந்து இருந்தது. மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில், சாதாரணக் குடியிருப்பு ஐந்து அடுக்கைத் தாண்டினால்தான் அன்று விதி பொருந்தியது. அகமதாபாத் இருந்தது மூன்றாம் மண்டலத்தில். அங்கே காருக்கு ஸ்டில்ட் என்ற சுவரில்லாத கீழ்த்தளம், மேலே நாலு மாடி என்பதே வாடிக்கை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சரியாக ஐந்து, தாண்டவில்லை! ஐந்தைத் தாண்டிய பத்து மாடிகளிலும் விதியைப் பார்த்துக் கட்டியவர்கள் குறைவு.

2001 ஜனவரி 26 காலை, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் கட்ச்சில் நிலம் அதிர்ந்தது. சபர்மதியின் வண்டல் அந்த ஆட்டத்தைப் பெருக்கியது. மேல்மாடிகள் செங்கல் சுவரால் விறைத்து நிற்க, அசைவு முழுவதும் சுவரில்லாத ஸ்டில்ட் தூண்களின் தலையில் விழுந்தது. பல கட்டடங்கள் கீழ்த்தளம் நசுங்கி அப்படியே உட்கார்ந்தன.

2002-இல் நிலநடுக்க விசையைக் கணக்கிடும் ஐ.எஸ். 1893 விதி திருத்தப்பட்டது. ஸ்டில்ட் தூண்களுக்கு இரண்டரை மடங்கு விசை கணக்கிட வேண்டும் என்றார்கள். சென்னையும் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாவதற்கு ஏறியது. அதற்கு முன் கட்டிய சென்னை ஃபிளாட்டுகள் பல இன்றும் ஒல்லித் தூண்களில்தான் நிற்கின்றன. இரண்டு தூண்களுக்கு நடுவே கான்கிரீட் சுவர் எழுப்பலாம் என்று அசோசியேஷன் கூட்டங்களில் சொல்லிப் பார்த்தேன். யாருடைய பார்க்கிங் போகும் என்பதில் கூட்டம் கலைந்துவிடுகிறது.