முதல் பட்டதாரிக்கு வழிகாட்டுவோம்: தன்னார்வலர்கள் அறிய வேண்டியவை

பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நாளில், படித்தவர்கள் உள்ள வீட்டில் "எந்தக் கல்லூரி?" என்ற பேச்சு தொடங்கிவிடும். யாருமே கல்லூரிக்குச் செல்லாத வீட்டிலோ "யாரிடம் கேட்பது?" என்பதே முதல் கேள்வி. அப்போது அக்கம்பக்கத்தார் சொல்வதும், கமிஷனுக்கு ஆள் சேர்க்கும் தரகர் சொல்வதும் முடிவாகிவிடுகின்றன. நல்ல மதிப்பெண் இருந்தும் வாய்ப்பு நழுவுவது இங்கேதான். இதைத் தடுக்கப் பெரும் பணம் தேவையில்லை. விவரம் அறிந்த ஒருவர் நேரம் ஒதுக்கினால் போதும்.

எப்போது தொடங்குவது?

பத்தாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். பிளஸ் ஒன்னில் எடுக்கும் பாடப்பிரிவுதான் பின்னால் எந்தக் கதவு திறக்கும் என்பதை முடிவு செய்கிறது. கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் பொறியியல், மருத்துவம் இரண்டுக்கும் வழி உண்டு. வணிகவியல் பிரிவு பி.காம்., பட்டயக் கணக்காளர் போன்ற படிப்புகளுக்கு ஏற்றது. எது உயர்ந்தது என்று சொல்லாமல், எது எங்கே கொண்டு போகும் என்று சொல்லுங்கள்.

சான்றிதழ்களை முன்பே வாங்குங்கள்

சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பெயரின் எழுத்து, பிறந்த தேதி ஆகியவை ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் ஒன்றாக உள்ளனவா என்று பாருங்கள். தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. லெப்பை, மாப்பிள்ளை, தக்னி, ஷேக், சையது, அன்சர், துதேகுலா ஆகிய பிரிவுகள் அந்தப் பட்டியலில் உள்ளன. சாதிச் சான்றிதழில் உட்பிரிவு சரியாகக் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும்.

அரசு தரும் உதவிகள்

* முதல் பட்டதாரி சலுகை: ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம் தொழிற்கல்வியில் சேர்வோருக்குக் கல்விக் கட்டணச் சலுகை. குடும்பத்தில் ஒருவருக்கே கிடைக்கும்.

* 7.5 சதவீத ஒதுக்கீடு: 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 2021 முதலும் நடைமுறையில் உள்ளது.

* புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்: தகுதியுள்ள மாணவியருக்கும் மாணவருக்கும் மாதம் 1,000 ரூபாய். முன்னது 2022இலும், பின்னது 2024இலும் தொடங்கப்பட்டன. கல்லூரி வழியாகப் பதிவு செய்ய வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: கலந்தாய்வைத் தவிர்த்து நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகை கிடைக்காது. "இடம் உறுதி, முன்பணம் கட்டுங்கள்" என்ற பேச்சில் மயங்கி நகையை அடகு வைக்கும் பெற்றோருக்கு இது தெரிவதில்லை.

கலந்தாய்வில்

பொறியியல் தரவரிசை 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. விருப்பப் பட்டியலில் மிகவும் விரும்பும் கல்லூரி முதலில் வர வேண்டும். முந்தைய ஆண்டு கட்-ஆஃப் விவரங்களைப் பார்த்துப் பட்டியலை நீளமாகவே தயாரியுங்கள். ஒதுக்கீடு கிடைத்ததும் குறித்த நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும்.

வழிகாட்டி மறக்கக் கூடாதவை

ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று மாணவர்கள் போதும். பெற்றோரின் சம்மதத்துடன், பொது இடத்திலோ அவர்கள் வீட்டிலோ சந்தியுங்கள். அசல் சான்றிதழையும் கடவுச்சொல்லையும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். விண்ணப்பத்தை மாணவரே நிரப்பட்டும்; நீங்கள் அருகில் இருங்கள். தர முடியாத பண உதவிக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். மகளை வெளியூர் அனுப்பத் தயங்கும் தாயிடம் வாதம் செய்வதைவிட, அந்த விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவியைப் பேச வைப்பது பலன் தரும்.

சேர்க்கையோடு பணி முடிவதில்லை. தமிழ்வழியில் படித்தவர் முதல் பருவத்தில் ஆங்கிலப் பாடங்களைக் கண்டு மிரண்டு, ஓரிரு பாடத்தில் தவறியதும் படிப்பையே விட எண்ணலாம். வாரம் ஒருமுறை நீங்கள் செய்யும் போன் அழைப்பு அவரைத் தாங்கி நிறுத்தும். அவர் பட்டம் பெற்றுவிட்டால், தம்பி தங்கையருக்கு வழிகாட்ட அந்த வீட்டிலேயே ஆள் இருப்பார்.